தாளடி நட்ட 20ஆம் நாள் பயிர் வெளுக்கிறது: கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு என்று மண் அட்டை சொல்வது எப்படி?

#1 மடைத்தலை

வணக்கம். பழைய காவிரி டெல்டாவில் உள்ள களிமண் நெல் வயல் ஒன்றைப் பற்றிய கேள்வி. முதல் போகமான குறுவையில் ஏ.டி.டி. 43 ரகம், அதை அறுத்ததும் நடும் தாளடியில் ஏ.டி.டி. 46. கம்பைன் அறுத்த வைக்கோலைக் கட்டாமல் வயலிலேயே விட்டு, தண்ணீர் கட்டி, கேஜ் வீலால் (சேற்றுழவுக்கான டிராக்டர் இரும்புச் சக்கரம்) இரண்டு சால் ஓட்டி, அறுவடையிலிருந்து 16ஆம் நாள் நட்டது. அடியுரம் ஏக்கருக்கு டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) ஒரு மூட்டை மட்டும். நட்டு 20 நாள் ஆகிறது. வயல் முழுக்க வெளிர்மஞ்சள். குத்துக்கு ஐந்தாறு தூருக்கு (கிளைத்தண்டு) மேல் இல்லை.

மண் பரிசோதனை அட்டையில் உள்ளவை: கார அமில நிலை 7.9, அங்ககக் கரிமம் 0.82 சதம், தழைச்சத்து (நைட்ரஜன்) எக்டருக்கு 236 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 24, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 310, துத்தநாகம் 1.0 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கரிமத்துக்கு நேராக 'அதிகம்', தழைச்சத்துக்கு நேராக 'குறைவு'. கரிமம் இருந்தால் தழைச்சத்தும் இருக்க வேண்டாமா? இப்போது யூரியா போடலாமா?

#2 களிக்காடு

யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் வயலில் இறங்கி நான்கு விஷயம் பாருங்கள். இந்த நாளில் நெல் வெளுக்க நான்கைந்து காரணம் உண்டு, எல்லாவற்றுக்கும் யூரியா மருந்தில்லை.

வெளுப்பு எந்த இலையில் தொடங்குகிறது? அடி இலை நுனியிலிருந்து சீராக மஞ்சளித்து, குருத்து ஓரளவு பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை. குருத்தும் இளம் இலையும் முதலில் வெளுத்தால் கந்தகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அடி இலையில் துருப்பிடித்தது போல் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? கூடவே இளம் இலையின் நடுநரம்பு அடிப்பாகத்தில் வெள்ளையாக இருந்தால் துத்தநாகக் குறை. இது வயல் முழுக்கச் சீராக வராது, திட்டுத்திட்டாக வரும். நட்ட இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் நடுவில்தான் அதிகம் தெரியும்.

மூன்றாவது வேர். குத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், கெட்டுப்போன வேர் சேற்றிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் கட்டியோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் அலசுங்கள். செம்பழுப்புப் பூச்சோடு வேர் இருந்தால் நல்லது, வேர் விடும் ஆக்சிஜனால் இரும்பு படிந்த நிறம் அது. கருத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு, வேரைக் கெடுக்கும் வாயு.

நான்காவது, துங்ரோ என்ற வைரஸ் நோய் இல்லை என்று உறுதி செய்வது. அதைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி கண்ணில் பட்டால், விடியற்காலையில் இலை நுனிகளை 10 செ.மீ. அளவுக்கு வெட்டி அயோடின் கரைசலில் 15 நிமிடம் ஊற வையுங்கள். கருநீலக் கோடு விழுந்தால் அது நோய், உரத்தால் தீராது.

#3 மடைத்தலை

பார்த்தாயிற்று. அடி இலைகள் நுனியிலிருந்து சீராக மஞ்சள். துருப்புள்ளி வயலின் தாழ்வான வடகிழக்கு மூலையில் மட்டும், சுமார் 10 சென்டுக்கு. வேர் பாதிக்குப் பாதி கறுப்பு, நாற்றமும் உண்டு. அயோடினில் கோடு விழவில்லை. நட்டதிலிருந்து தண்ணீர் வற்றவே இல்லை.

#4 களிக்காடு

அப்படியானால் தழைச்சத்துக் குறை, வேரில் சல்பைடு, மூலையில் துத்தநாகம் என்று மூன்றும் சேர்ந்திருக்கின்றன. மூன்றுக்கும் மூல காரணம் ஒன்றுதான். பச்சை வைக்கோல் காற்றில்லாத சேற்றில் அழுகுகிறது.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் வடிகாலைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். மழை இல்லாவிட்டால் மூன்று நான்கு நாளில் மயிரிழை வெடிப்பு தெரியும். கால் வைத்தால் பதிந்து, ஆனால் சேறு ஒட்டாத பக்குவம். அதுவரை யூரியா வேண்டாம். கருத்த வேர் அதை எடுக்காது, போட்டதில் பாதிக்கு மேல் காற்றோடு போகும்.

வெடிப்பு கண்ட அன்றே ஏக்கருக்கு 26 கிலோ யூரியா தூவி, அடுத்த நாள் 2 செ.மீ. தண்ணீர் கட்டுங்கள். எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து என்ற சம்பா, தாளடிக் கணக்கு இது. வெடிப்பு விரல் நுழையும் அளவுக்குப் போகவும் விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறிவிடும். மறுபடி தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாக வெளியேறும்.

வடகிழக்கு மூலைக்கு மட்டும் தெளிப்பு: ஜிங்க் சல்பேட் 0.5 சதம், யூரியா 1 சதம். 10 சென்டுக்கு 20 லிட்டர் தண்ணீர் போதும், அதில் ஜிங்க் சல்பேட் 100 கிராம், யூரியா 200 கிராம். 15 நாள் கழித்து இன்னொரு முறை. டி.ஏ.பி. கரைசலோடு கலந்துவிடாதீர்கள், துத்தநாகம் பாஸ்பேட்டாகத் திரிந்து அடியில் தங்கிவிடும்.

#5 மண்கூடம்

கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பின்னால் நெல் ஆராய்ச்சியிலேயே மிக நீண்ட சோதனைகளில் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களின் தொடக்கத்தில் ஒரு வயலைத் தொடர் நெல் சோதனைக்கென்று ஒதுக்கினார்கள். 1968இலிருந்து அதே வயலில் வருடத்துக்கு மூன்று போகம். புதுப்புது ரகங்கள், சரியான பூச்சிக் கட்டுப்பாடு, போதுமான உரம் எல்லாம் இருந்தும் 1990களின் தொடக்கம் வரை விளைச்சல் படிப்படியாக இறங்கியது. மண்ணை எடுத்துப் பார்த்தால் அங்ககப் பொருள் குறையவே இல்லை. கென்னத் காஸ்மேன், டேனியல் ஓல்க் குழுவினர் அதன் அளவை விட்டுவிட்டுத் தன்மையைப் பார்த்தார்கள். ஓல்க் குழு 1996இல் வெளியிட்ட முடிவு இதுதான்: வருடம் முழுக்கச் சேற்றிலேயே கிடக்கும் மண்ணில் புதிதாகச் சேரும் அங்ககப் பொருளில் லிக்னினிலிருந்து (தாளைக் கெட்டியாக்கும் பொருள்) வரும் பீனால்கள் என்ற கரிமச் சேர்மங்கள் மிகுகின்றன. லிக்னினை உடைக்க ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாததால் பாதி உடைந்த பீனால்கள் தேங்கி, தழைச்சத்தைத் தங்களோடு கட்டி வைத்துக்கொள்கின்றன. ஆய்வகத்தில் கரிமத்தை எரித்து அளந்தால் எண் பெரிதாக வரும். பயிர் கேட்கும் நேரத்தில் மண் கொடுக்காது.

அந்த வயலை மீட்டதில் இரண்டு மாற்றங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பயிர் கேட்கும் பருவத்தில் தழைச்சத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள், போகங்களுக்கு இடையில் மண்ணை உலர விட்டார்கள்.

நம் டெல்டாவை அப்படியே அதோடு ஒப்பிட முடியாது. இங்கே தை, மாசியில் அறுத்தால் உளுந்து, பயறு, அதன்பின் ஆனி வரை வயல் வெடித்துக் கிடக்கிறது. அந்த நான்கு மாத வெயில்தான் இந்த மண்ணைக் காப்பாற்றி வருகிறது. 'சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம்' என்பதற்கு வேதியியல் காரணமே உண்டு. காயும்போது நுண்ணுயிர்களில் ஒரு பங்கு மடிகிறது, மண்கட்டிகளுக்குள் அடைபட்ட அங்ககப் பொருள் வெளிப்படுகிறது, மறுபடி நனைந்ததும் தழைச்சத்து ஒரு வீச்சாக விடுபடுகிறது. ஜப்பானிய வயல் ஆய்வுகளில் 'உலர்மண் விளைவு' என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

ஆகவே குறுவைக்கு மண் தானாகவே கொடுக்கிறது. தாளடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஈர மண்ணிலேயே குறுவையை அறுத்து, ஈர மண்ணிலேயே தாளை மடக்கி, பதினாறே நாளில் நடுகிறோம். இரண்டு போகத்துக்கும் ஒரே உர அட்டவணையை வைப்பதுதான் என் பார்வையில் தவறு.

#6 மண்கூடம்

மேலே விட்டுப்போனது, வைக்கோல் கணக்கு. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வையுங்கள். ஒரு டன்னில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோதான், கரிமமோ சுமார் 400 கிலோ. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் 60, 70க்கு ஒன்று என்ற விகிதம். இதை மெல்லும் நுண்ணுயிர் தன் உடலைக் கட்ட மண்ணில் உள்ள அம்மோனியத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். நாற்று தூர் கட்ட வேண்டிய மூன்று வாரமும் இதில் போய்விடுகிறது. நீங்கள் போட்ட டி.ஏ.பி. மூட்டையில் இருந்தது 9 கிலோ தழைச்சத்து. அதைப் பயிர் பார்த்திருக்கவே வாய்ப்பு குறைவு.

தண்ணீர் கட்டிய மண்ணில் நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. இலங்கையில் பிறந்த ஃபீலிக்ஸ் பொன்னம்பெரும லாஸ் பானோஸில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீர்கிறது. அடுத்து நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, அதன்பின் சல்பேட். கடைசியில் மீத்தேன். பச்சை வைக்கோல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக இந்தப் படிகளில் மண் இறங்கும். #3இல் சொன்ன முட்டை நாற்றம், நட்ட 20 நாளுக்குள்ளேயே சல்பேட் படிக்கு வந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.

#7 புதாறு

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்க மணல்சாரி நிலத்தில் இது இவ்வளவு கடுமையாக வராது. தண்ணீர் கீழே இறங்குவதால் சல்பைடு தேங்காது. ஆனால் அங்கே போட்ட யூரியாவும் சாம்பல்சத்தும் சேர்ந்தே இறங்கிவிடும். எனவே களிமண்ணில் நான்காகப் பிரிப்பதை அங்கே ஐந்தாகப் பிரிப்பது நல்லது.

#8 பசுந்தாள்

ரசாயன உரத்தை விட்டுவிட்டு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமும் 15 நாளுக்கு ஒருமுறை ஜீவாமிர்தமும் (சாணம், கோமியம் ஊறவைத்த கரைசல்) கொடுத்தால் இந்தச் சிக்கலே வராதே? மண்ணில் உயிர் இருந்தால் அது கொடுக்கும்.

#9 மண்கூடம்

பசுந்தாள் ஐயா, தொழுவுரத்தின் மதிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. அளவைப் பாருங்கள். நன்கு மக்கியதில் தழைச்சத்து சுமார் 0.5 சதம். 5 டன்னில் 25 கிலோ. அதிலும் முதல் போகத்தில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கும், மீதி அடுத்த போகங்களுக்கு. ஏ.டி.டி. 46 மாதிரி ரகத்துக்கு ஏக்கருக்குப் பரிந்துரை 60 கிலோ. ஜீவாமிர்தத்தில் உள்ள சத்தின் அளவு இந்த இடைவெளியை நிரப்பாது.

இன்னொன்று, இந்த வயலில் குறை உயிர் இல்லாததால் வரவில்லை. நுண்ணுயிர் பசியோடு நிறையவே இருக்கிறது, காற்றுத்தான் இல்லை. தாளடிக்கு முன் ஈரத்தில் மக்காத எருவைக் கொட்டினால் வேர் இன்னும் கருக்கும்.

நீங்கள் சொல்வதற்கு நல்ல இடம் குறுவைக்கு முந்தைய கோடைதான். வைகாசி தொடக்கத்தில் கோடை மழையிலோ போர் தண்ணீரிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. கோடையில் காய்ந்த மண்ணில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். வெறும் வயலில் ஆற்றுத் தண்ணீர் ஏறியதும் அது வாயுவாகிவிடும். தக்கைப்பூண்டு அதை உறிஞ்சி உடலில் வைத்துக்கொண்டு குறுவைக்குத் திருப்பித் தருகிறது. 50 நாள் தாண்டினால் தண்டு நாராகி மக்காது, கேஜ் வீலில் சுற்றிக்கொள்ளும்.

#10 மடைத்தலை

நன்றி. அடுத்த வருடத்துக்கு ஒரு கேள்வி. ஐப்பசி மழைக்கு முன் நாற்று வேர் பிடிக்க வேண்டும், இடைவெளியை 16 நாளுக்கு மேல் நீட்ட முடியாது. அந்த 16 நாளுக்குள் என்ன செய்ய முடியும்?

#11 களிக்காடு

16 நாள் போதும். அதில் எத்தனை நாள் காற்று, எத்தனை நாள் தண்ணீர் என்பதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

குறுவை அறுவடைக்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கம்பைனின் தடமும் ஆழமாக விழாது. தடப் பள்ளத்தில்தான் பின்னால் சல்பைடு தேங்குகிறது. கத்தியைத் தாழ்த்தி அறுக்கச் சொல்லுங்கள். கம்பைனுக்குப் பின்னால் வரிசையாக விழும் வைக்கோலைப் பரத்திவிட வேண்டும். பரத்தாமல் மடக்கினால் அந்த வரிசை மட்டும் மஞ்சள் பட்டையாகத் தாளடியில் தெரியும்.

அறுத்த மறுநாளோ அடுத்த நாளோ, தண்ணீர் விடாமல் ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு, 5 முதல் 10 செ.மீ. ஆழம். கட்டி உடையாவிட்டாலும் பரவாயில்லை, தாளின் மேல் மண் பட்டால் போதும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை தண்ணீர் கட்டக்கூடாது. வைக்கோலின் எளிதில் மக்கும் பகுதி இந்த ஒரு வாரக் காற்றில் போய்விடும். தண்ணீருக்குள் அழுகினால் உண்டாகும் அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்கள் பிறகு பெருமளவு உருவாகாது.

இடையில் மழை பெய்து இது நடக்காமல் போனால் மாற்று வழி: முதல் சேற்றுழவில் தாளை மடக்கும்போதே ஏக்கருக்கு 9 கிலோ யூரியா, ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 3 கிலோ. இது நுண்ணுயிருக்கான பங்கு, பயிரின் கணக்கில் கழிக்காதீர்கள். நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். நடவன்று போட்டால் பயன் இல்லை.

கடைசி உழவில் தண்ணீரை வடித்துவிட்டு அடியுர யூரியாவைத் தூவி, பரம்படித்துச் சேற்றுக்குள் அனுப்புங்கள். நிற்கும் தண்ணீரில் தூவும் யூரியா என்ன ஆகிறது என்று பலர் யோசிப்பதில்லை. பகலில் தண்ணீரில் உள்ள பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் அந்தத் தண்ணீரின் கார நிலை 9க்கு மேல் போகும். அந்த நிலையில் அம்மோனியா ஆவியாகப் பறக்கும். நடு மத்தியானம் வெயிலில் தூவுவது அதனால்தான் மோசம்.

ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, 20 கிலோ உலர் மணலில் கலந்து நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவுங்கள், சேற்றுக்குள் புதைக்க வேண்டாம். உங்கள் மண் 1.0 பி.பி.எம்., தமிழ்நாட்டு வரம்பு 1.2. போட்டே ஆக வேண்டும். டி.ஏ.பி. போட்ட கையோடு போடாமல் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். போர் தண்ணீர் பாய்கிற வயலென்றால் இன்னும் கவனம், அதில் உள்ள பைகார்பனேட் துத்தநாகம் வேரில் ஏறுவதைத் தடுக்கும்.

#12 புதாறு

வைக்கோலைக் கட்டி விற்றுவிட்டால் இந்த வேலையெல்லாம் மிச்சமில்லையா?

#13 களிக்காடு

தாளடிக்கு உடனடி நிம்மதி கிடைக்கும், உண்மை. ஆனால் ஒரு டன் வைக்கோலில் சாம்பல்சத்து 14 முதல் 20 கிலோ. 2 டன் கட்டி ஏற்றினால் ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷ் லாரியில் போகிறது. சிலிக்காவும் கூடப் போகிறது. விற்கிற விலையில் பொட்டாஷ் மூட்டை விலையைக் கழித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையில் போய்விடும்.

#14 வெறும்பாத்தி

யாரும் சொல்லாத ஒன்று. மண் எவ்வளவு கொடுக்கிறது என்பதை அட்டையை நம்பாமல் பயிரிடமே கேட்கலாம். வயலின் நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தி ஒன்று. சுற்றிலும் ஓரடி உயர வரப்பு, பாலித்தீன் தாளை வரப்புக்குள் ஒரு சாண் ஆழம் இறக்கினால் இன்னும் நல்லது. மணிச்சத்து, சாம்பல்சத்து, ஜிங்க் எல்லாம் முழு அளவு. தழைச்சத்து மட்டும் கிராம் கூடக் கூடாது. டி.ஏ.பி.யிலும் தழைச்சத்து உண்டு, எனவே இங்கே சூப்பர் பாஸ்பேட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அறுவடையில் பாத்தியின் நடுவில் 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் மட்டும் அறுத்து, அடித்து, காயவைத்து எடை போடுங்கள். 5 சதுர மீட்டரில் 1.5 கிலோ என்றால் எக்டருக்கு 3 டன். அதுதான் மண் தன் கையால் கொடுத்தது. இலக்கு 5.5 டன் என்றால் இடைவெளி 2.5 டன். மேகமூட்டமான தாளடிப் பருவத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் 50 கிலோ தழைச்சத்து, வெயில் நல்ல பருவத்தில் 40 கிலோ. ஆக 125 கிலோ, ஏக்கருக்கு 50. யூரியாவாக 109 கிலோ, 45 கிலோ மூட்டையில் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு.

கெட்டுப்போகும் இடங்கள்: மேலுரம் தூவும் கை பாத்திக்கு மேல் வீசிவிடும், அன்று பாத்தியைச் சாக்கு போட்டு மூடுங்கள். பெருமழையில் வரப்பு மூழ்கினால் அந்த வருடக் கணக்கை விட்டுவிடுங்கள். குறுவைக்கும் தாளடிக்கும் தனித்தனிப் பாத்தி, ஒரே இடத்தில் இரண்டு போகமும் வேண்டாம்.

#15 மடைத்தலை

இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப்பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை இருக்கும்போது இது எதற்கு?

#16 வெறும்பாத்தி

பாத்தி மொத்த அளவைச் சொல்லும். அட்டை எப்போது என்று சொல்லும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், அட்டைக்கு வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த இலையைப் பத்து இடத்தில் ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு 4க்குக் கீழ் என்றால் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு 3. அதை 4க்குக் கொண்டுபோனால் சாய்ந்துவிடும். துத்தநாகக் குறை உள்ள மூலையில் அட்டை பிடிக்கக் கூடாது, அது தழைச்சத்துக் குறை போலவே காட்டி ஏமாற்றும்.

கதிர் உருவாகும் பருவத்து மேலுரத்தை நாள் எண்ணிப் போட வேண்டாம். தாய்த்தண்டை நெடுக்காகக் கீறுங்கள். மேல் கணுவுக்கு மேலே 1, 2 மி.மீ. அளவில் வெள்ளைப் பஞ்சு முனை தெரிந்தால் அன்றுதான் நாள்.

#17 மண்கூடம்

மடைத்தலை, அந்த மண் மாதிரி எப்போது எடுத்தது?

#18 மடைத்தலை

மே மாதம், உழவுக்கு முன். வயல் வெடித்துக் கிடந்தபோது.

#19 மண்கூடம்

அப்படியானால் அந்த 236 குறுவைக்குச் சேர்ந்த எண். புரட்டாசிச் சேற்றுக்கு அதை எடுத்துவர முடியாது. ஈர மண்ணையே கொண்டுபோனாலும் வழக்கமான சோதனையில் நிழலில் உலர்த்திச் சலித்துத்தான் அளப்பார்கள், உலர்த்தும்போதே அந்த வீச்சின் ஒரு பங்கு சேர்ந்துவிடும். ஈர மண்ணைத் தண்ணீரில் மூழ்கவைத்து 40 டிகிரியில் 7 நாள் வைத்து, விடுபடும் அம்மோனியத்தை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யும் ஆய்வகம் கிடைத்தால், குறுவை அறுத்த மூன்றாம் நாள் 15 செ.மீ. ஆழம் வரை பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் #14இல் சொன்ன பாத்தியைத் தாளடியில் போடுங்கள். இந்த வருடம் நட்டாகிவிட்டது, மேலுரமும் இனித்தான் விழப்போகிறது. ஆனால் அடியுர டி.ஏ.பி. வயல் முழுக்கப் போயிருப்பதால் இப்போது வரப்பு கட்டினாலும் கணக்கு சுத்தமாக வராது. அடுத்த தாளடிக்கு அடியுரம் தூவும் முன்பே பாத்தியை அளந்து முளைக்குச்சி அடித்துவிடுங்கள்.